நீருக்குத் தப்பிய வாயில்

பெர்லின் மாநகரின் மேற்குப் பகுதியில், பிரஷ்ய மன்னர்கள் வாழ்ந்த ஷார்லோட்டன்புர்க் அரண்மனைக்கு எதிரே, ஒரு காலத்தில் அரசரின் மெய்காவற்படையினருக்காகக் கட்டப்பட்ட மாளிகையொன்றில், ஏழு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுடைய மணற்கல் வாயில் ஒன்று நிற்கிறது. அதன் இருபுறமும் மதில் இல்லை. அதைக் கடந்து உள்ளே சென்றால் தொழுவதற்கு ஒரு சந்நிதியும் இல்லை. ஆயினும் அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணுக்கு, நிலைக்கல்லின் மேலே சிறகு விரித்த சூரிய வட்டமும், ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் எகிப்திய மன்னனின் கோலம் பூண்டு ஐசிஸ் தேவிக்கும் மண்டூலிஸ் என்னும் நூபிய தேவனுக்கும் காணிக்கை செலுத்தும் புடைப்புச் சிற்பங்களும் தென்படும்போது, இது எங்கோ ஒரு நதிக்கரையில், பேரொளி வீசும் வெயிலில், பக்தர்கள் கடந்து சென்ற திருவாயில் என்பது விளங்கிவிடும். நைல் நதியின் ஜலத்தில் மூழ்கி மறைந்திருக்க வேண்டிய இந்த வாயில், மழையும் பனியும் மிகுந்த ஜெர்மனியின் தலைநகருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதே நாம் சொல்ல வந்த கதை.

எகிப்தின் தென்கோடியில் அஸ்வான் என்னும் ஊர் இருக்கிறது. அதற்குத் தெற்கே, எகிப்திலும் சூடானிலுமாக நைல் நதியின் இருகரைகளையும் தழுவிக் கிடந்த நிலப்பகுதிக்கு நூபியா என்று பெயர். ஆற்றை ஒட்டி ஒரு குறுகிய பசுமைப் பட்டையும் அதற்கப்பால் பாலையுமாக இருந்த அந்தத் தேசத்தில், பாரோக்கள் முதற்கொண்டு ரோமச் சக்கரவர்த்திகள் வரையில் வரிசையாகக் கோயில்கள் எழுப்பினார்கள். 1902-ஆம் ஆண்டில் அஸ்வானில் முதல் அணை கட்டி முடிக்கப்பட்டது. பின்னர் இரண்டு முறை அது உயர்த்தப்பட்டபோது, அணையின் பின்னே தேங்கிய நீர் ஆண்டின் பெரும்பகுதியும் இக்கோயில்களைச் சூழ்ந்து நின்றது. வெள்ளக் காலத்தில் மதகுகளைத் திறந்துவிடும் சில மாதங்களில் மட்டுமே அவை சேறு படிந்த மேனியோடு வெளியே தலைகாட்டின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாத்திரிகர்கள் கண்டு வியந்த வர்ணங்கள் சுவர்களிலிருந்து கரைந்து போயின.

தண்ணீர் கல்லை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. மணற்கல் என்பது நுண்ணிய துளைகள் நிறைந்தது. நீர் அந்தத் துளைகளுக்குள் புகும்போது தன்னில் கரைந்துள்ள உப்பையும் உடன் கொண்டு செல்கிறது. நீர் வடிந்து கல் வெயிலில் உலரும்போது, ஈரம் மட்டும் ஆவியாகி வெளியேற, உப்பு உள்ளேயே தங்கிப் படிகமாகி விரிந்து, மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. நம் கடலோரக் கோயில்களின் சிற்பங்களில் முகம் தேய்ந்து நிற்கும் தேவதைகளைக் கண்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்தே கிடப்பதைக் காட்டிலும் நனைந்து நனைந்து உலர்வதுதான் கல்லுக்குப் பெரும் பகை.

பழைய அணை இவ்வளவு செய்ததென்றால், 1960 ஜனவரியில் தொடங்கப்பட்ட அஸ்வான் பேரணை, ஐந்நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஏரியை உண்டாக்கி, வட நூபியா முழுவதையும் என்றென்றைக்குமாக நீரடியில் ஆழ்த்துவதாக இருந்தது. எகிப்தின் ஜனங்களுக்கு உணவும் மின்சாரமும் வேண்டியிருந்தன; அந்தத் தேவையை யாரும் குறை சொல்ல இயலாது. 1959-இல் எகிப்தும் சூடானும் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உதவியை நாட, 1960 மார்ச் 8-ஆம் தேதி, அதன் தலைமை இயக்குநராயிருந்த இத்தாலியர் விட்டோரினோ வெரோனேஸ், இந்தச் செல்வங்கள் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியவை அல்லவென்றும், அவற்றைக் காப்பது எல்லாத் தேசங்களின் கடமை என்றும் உலகத்துக்கு விண்ணப்பம் விடுத்தார். நம் நாடும் வாளாவிருக்கவில்லை. இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த பி. பி. லால் தலைமையில் ஒரு குழு 1961-62-இல் நூபியாவுக்குச் சென்று, அஃப்யே என்னுமிடத்தில் அகழாய்வு நடத்தியது.

மேற்கு ஜெர்மனி ஏற்றுக்கொண்ட பொறுப்பு, அஸ்வானுக்குத் தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், பழங்காலத்தில் தல்மிஸ் என்று வழங்கப்பட்ட கலாப்ஷாவில் இருந்த மண்டூலிஸ் கோயிலாகும். பாறையைக் குடைந்து அமைத்தவற்றை விலக்கிக் கற்களால் எழுப்பியவற்றை மட்டும் எண்ணினால், எகிப்திய நூபியாவில் இதனினும் பெரியது வேறில்லை என்று சொல்லலாம். எழுபது மீட்டருக்கு மேற்பட்ட நீளம். முன்னே கோபுரவாயில், அதையடுத்துத் தூண்கள் சூழ்ந்த முற்றம், பின் மண்டபம், அதற்குப் பின் ஒன்றனுள் ஒன்றாகக் கருவறைகள். தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒருவர், வெளியிலிருந்து உள்ளே செல்லச் செல்ல ஒளி குறைந்து கொண்டே வரும் அந்த அமைப்பைக் கண்டு, முற்றிலும் அந்நியமான இடத்துக்கு வந்துவிட்டதாக நினைக்கமாட்டார். நொபாடியர் என்னும் நூபிய இனத்தாரின் அரசனான சில்கோ தன் வெற்றியைக் கிரேக்க மொழியில் பொறித்து வைத்த சாஸனமும் இதன் சுவரில்தான் இருக்கிறது. பின்னாளில் கிறிஸ்தவர்கள் இதைத் தங்கள் ஆலயமாகவும் பயன்படுத்தினார்கள்.

ஜெர்மானியருக்கும் இந்த இடத்துக்கும் உள்ள உறவு அன்றைக்குத் தோன்றியதன்று. கொலோன் நகரில் பிறந்த கட்டடக் கலைஞர் ஃபிரான்ஸ் கிறிஸ்டியன் கௌ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நூபியாவுக்குள் சென்று, கோயில்களை அளந்து, வரைந்து, 1822 முதல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். அவருக்குப் பின் 1842 முதல் 1845 வரையில், கார்ல் ரிச்சர்ட் லெப்சியஸ், பிரஷ்ய மன்னரின் ஆதரவில் ஒரு குழுவோடு நைல் நதி வழியே சூடான் வரையில் சென்று, கண்ட சிற்பங்களையும் எழுத்துக்களையும் படியெடுத்துப் பன்னிரண்டு பெருந்தொகுதிகளாக அச்சிட்டார். அவர்கள் அளந்த நாளில் அணை என்ற எண்ணமே யாருக்கும் இல்லை. ஆனாலும் பின்னர் அழிந்துபோன பலவற்றுக்கு இன்று நம்மிடம் இருக்கும் சாட்சி அவர்களுடைய ஏடுகள்தாம்.

இந்த இடத்தில் திருமழபாடிக் கோயில் நினைவுக்கு வருகிறது. தம் 28-ஆம் ஆட்சியாண்டில் அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்ட ராஜராஜ சோழன், பிரிப்பதற்கு முன்னால் சுவர்களில் உள்ள கல்வெட்டுக்களையெல்லாம் ஏட்டில் படியெடுத்து வைக்கும்படி உத்தரவிட்டதும், ராஜேந்திர சோழன் காலத்தில் அவை மறுபடி கல்லில் வெட்டப்பட்டதும் அக்கோயிலின் சாஸனங்களிலேயே காணப்படுகின்றன. ஓர் ஆலயத்தை அசைப்பதற்கு முன் அதை முழுவதும் அறிந்து எழுதி வைக்க வேண்டும் என்ற விவேகம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கொள்ளிடக் கரையில் இருந்தது. கலாப்ஷாவைக் காப்பாற்றியதும் அந்த விவேகமே என்பது என் அபிப்பிராயம். இயந்திரங்கள் அதற்குத் துணை நின்றன.

கலாப்ஷாவில் வேலை 1961-இல் தொடங்கியது. கெய்ரோவிலிருந்த ஜெர்மன் தொல்லியல் கழகத்தின் தலைவர் ஹான்ஸ் ஷ்டோக்கும், கட்டட ஆராய்ச்சியாளர் கார்ல் கியோர்க் ஸீக்லரும் ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றனர். எஸ்ஸென் நகரத்து ஹோக்டீஃப் நிறுவனம் கட்டுமானப் பொறுப்பை ஏற்றது. உயரம், ஆழம் என்னும் இரு ஜெர்மன் சொற்களைச் சேர்த்து அமைந்த பெயர் அது. ஆண்டில் பல மாதங்கள் மூழ்கியிருந்த கோயில் ஆகையால், நீரைப் பகையென்று மட்டும் கருதாமல் அதன் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி வேலையை வகுத்தார்கள். நீர் உயர்ந்திருக்கையில் சுவர்களின் உச்சி வரையில் மிதவைகள் நெருங்க முடிந்தது. நீர் தாழத் தாழ, வரிசை வரிசையாக, மேலிருந்து கீழாகக் கற்களைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு கல்லும் கழற்றப்படுமுன் அளந்து வரையப்பட்டு, எண் இடப்பட்டது. ஏறக்குறைய 13,000 கற்கள். அவை படகுகளில் ஏறி, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் வடக்கே, பேரணைக்கு அருகிலுள்ள மேட்டுநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே எந்தக் கல் எந்தக் கல்லின் மேல் என்ற கணக்குப் பிசகாமல், 1963-க்குள் கோயில் மீண்டும் எழுந்து நின்றது.

நம் ஊர்களில் திருப்பணி நடக்கும்போது பழைய மண்டபத்தைப் பிரித்து, வர்ணத்தால் எண்ணிட்ட கற்களைப் பிராகாரத்தில் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். எண் அழிந்துபோனால் அந்தக் கல் அநாதை. பக்கத்துக் கல்லோடு அதற்கிருந்த உறவு தெரியாதவரையில் அது வெறும் கல்தான். தெரிந்த கணத்தில் அது கோயிலின் அங்கமாகிவிடுகிறது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் பாலை வெயிலில், பதின்மூவாயிரம் உறவுகளை மறவாமல் காத்தார்கள் என்று எண்ணும்போது, அந்தச் சுவர்களில் மன்னர்களின் பெயர்கள் இருப்பதுபோல் இவர்களுடைய பெயர்களும் இருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

பிரித்தவர்களுக்கு ஓர் எதிர்பாராத லாபம் காத்திருந்தது. அஸ்திவாரத்தையும் சுவர்களின் உட்பகுதியையும் பிரித்தபோது, அங்கே வேறொரு கட்டிடத்தின் கற்கள், சிற்பங்கள் சிதையாமல், அடுக்கப்பட்டிருக்கக் கண்டார்கள். ரோமர் காலத்துச் சிற்பிகள், தங்களுக்கு முன்பே அதே இடத்திலிருந்த தாலமி மன்னர் காலத்துச் சிறு கோயிலையும், அகஸ்டஸின் ஆட்சித் தொடக்கத்தில் எழுந்த ஒரு வாயிலையும் கலைத்து, அந்தக் கற்களையே புதிய பெருங்கோயிலுக்குள் வைத்துக் கட்டியிருந்தார்கள். கோயில் நின்றிருந்த வரையில் அதை யாரும் கண்டிருக்க இயலாது. வெள்ளம் வருகிறதென்று பெரிய கோயிலைப் பிரித்ததால், அதன் வயிற்றிலிருந்த சிறிய கோயில் பிறந்தது. சிறு கோயிலின் பகுதி, அஸ்வானுக்கு எதிரே உள்ள எலிஃபன்டைன் தீவில் எழுப்பப்பட்டது. வாயிலை, ஜெர்மனி செய்த உதவிக்கு நன்றியாக, எகிப்து அந்நாட்டுக்கு அளித்தது. 1970-களில் அது பெர்லினுக்கு வந்தது. இவ்வாறே ஸ்பெயினுக்கு தெபோத் கோயிலும், அமெரிக்காவுக்கு தெந்தூர் கோயிலும், நெதர்லாந்துக்கு தாஃபே கோயிலும், இத்தாலிக்கு எல்லெஸியா குகைக்கோயிலும் தரப்பட்டன. எகிப்திலிருந்து கேளாமல் எடுத்துச் செல்லப்பட்ட பொருள்களால் நிறைந்த ஐரோப்பிய அருங்காட்சியகங்களில், மனமுவந்து கொடுக்கப்பட்ட பொருள் ஒன்றைக் காண்பது மனத்துக்கு இதமாயிருக்கிறது.

அதே நூபியாவிலிருந்த அபு சிம்பெலைப் பற்றி உலகம் அறியும். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் ராம்ஸெஸ் மலையைக் குடைந்து அமைத்த இரு கோயில்கள். பெரிய கோயிலின் வாயிலில் இருபது மீட்டர் உயரமுடைய, அமர்ந்த நிலையிலுள்ள நான்கு உருவங்கள். சுற்றிலும் அணைபோட்டு நீரைத் தடுப்பது, மலையோடு சேர்த்து முழுவதையும் பெயர்த்து மேலே உயர்த்துவது என்றெல்லாம் யோசனைகள் வந்தன. கோயிலைத் தெளிந்த நீருக்குள்ளேயே விட்டு, மக்கள் நீரடியிலிருந்து பார்க்கும்படி செய்யலாம் என்ற திட்டமொன்றும் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதை வரைந்தவர்களில், சண்டிகர் நகர நிர்மாணத்தில் பங்கு கொண்ட ஜேன் ட்ரூவும் மாக்ஸ்வெல் ஃபிரையும் உண்டு. முடிவில், கோயில்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, அறுபது மீட்டருக்கு மேல் உயரத்தில் மீண்டும் பொருத்தும் சுவீடன் நாட்டுத் திட்டம் ஏற்கப்பட்டது. அதை நிறைவேற்றிய பல நாட்டு நிறுவனங்களுக்குத் தலைமை தாங்கியதும் ஹோக்டீஃப்தான். 1965-இல் இஸ்ரேல் விவகாரத்தையொட்டி எகிப்து மேற்கு ஜெர்மனியுடன் ராஜதந்திர உறவை முறித்துக்கொண்டது. ஆனால் பாலைவனத்தில் ரம்பங்கள் ஓயவில்லை. 1968 செப்டம்பர் 22-ஆம் தேதி கோயில்கள் புதிய இடத்தில் திறக்கப்பட்டன.

அந்நாளில் ஜெர்மனி ஒன்றாக இல்லை. கலாப்ஷாவில் வேலை தொடங்கிய அதே 1961-இல், ஆகஸ்ட் மாதத்தில், பெர்லின் நகரின் நடுவே சுவர் எழுந்தது. சுவருக்கு மேற்கிலிருந்தவர்கள் பணமும் இயந்திரங்களும் கொண்டு எகிப்திய நூபியாவில் உழைக்க, கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரீட்ரிஷ் ஹிங்கெல் என்னும் கட்டடக் கலைஞர், சூடானிய நூபியாவில் அவ்வேலையையே மிகக் குறைந்த சாதனங்களோடு செய்து கொண்டிருந்தார். புஹென், செம்னா, கும்மா முதலிய இடங்களின் கோயில்களைக் கல் கல்லாகக் கழற்றிக் கார்ட்டூம் நகருக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே தேசிய அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், நைல் நதிக்குப் பதிலாக ஒரு நீரோடையை அமைத்து, ஆற்றங்கரையில் இருந்த வரிசையிலேயே கோயில்களை அதன் கரைகளில் நிறுத்தினார்கள். மழைக்காலத்தில் அவற்றின்மேல் நகர்த்தி மூடக் கூரைகளும் செய்து வைத்தார்கள். ஊர் போயிற்று, ஆறு இடம் மாறிற்று. கோயில்கள் ஒன்றுக்கொன்று நின்ற உறவாவது குலையக் கூடாது என்று கருதிய அந்த மனத்தை நான் வணங்குகிறேன். ஹிங்கெலின் பெயர் நம் பத்திரிகைகளில் போதிய அளவு பேசப்படவில்லை.

கற்களுக்கு எண் இட்டார்கள், படகு பிடித்தார்கள். ஜனங்களுக்கு? எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் நூபியர் தங்கள் கிராமங்களை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எகிப்தியர் கோம் ஓம்போவுக்கு. சூடானியர் நாட்டின் கிழக்கு எல்லைப் பக்கத்துக் காஷ்ம் எல் கிர்பாவுக்கு. வாடி ஹால்ஃபா நகரமே நீருக்குள் போயிற்று. ஈச்சமரங்கள், வர்ணம் தீட்டிய வீட்டு முகப்புகள், பெற்றோரின் கல்லறைகள் எல்லாம் அடியில் தங்கிவிட்டன. ஆற்றின் ஓசையில் பிறந்து வளர்ந்தவர்கள், ஆறு கண்ணுக்குத் தெரியாத குடியிருப்புகளில் வாழக் கற்றுக்கொண்டார்கள். கோயில்கள் தப்பிய பெருமையைக் கூறும் நூல்கள் பல. அவற்றில் இந்த மக்களுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தாலே அதிகம். பதின்மூவாயிரம் கற்களுக்கு இருந்த கணக்கு ஒரு லட்சம் மக்களின் வாழ்க்கைக்கு இல்லாமற்போனதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்குச் சம்மதமில்லை.

ஜெர்மானியருக்கும் இந்தத் துயரம் புத்தகத்தில் படித்தறிந்த விஷயமன்று. நாட்டின் மத்தியில், 1908-க்கும் 1914-க்கும் இடையில் கட்டப்பட்ட ஏடர் அணை, ஆஸல், பெரிஷ், பிரிங்ஹௌஸன் என்ற மூன்று கிராமங்களை மூழ்கடித்தது. பெரிஷ் கிராமத்தார் வேறிடத்தில் புதுப் பெரிஷ் என்று ஊர் அமைத்து, பழைய மடாலயத் தேவாலயத்தின் பகுதிகளை அங்கே கொண்டுபோய்த் தங்கள் ஆலயத்தை எழுப்பினார்கள். வறண்ட ஆண்டுகளின் இலையுதிர் காலத்தில் ஏரியின் நீர் வெகுவாகக் குறையும்போது, பழைய ஆஸல் பாலம் வெளியே தெரிகிறது. மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று, தாத்தாவும் பாட்டியும் நடந்த அந்தப் பாலத்தின்மீது நடக்கிறார்கள்.

இதைப் படிக்கும் சேலம் மாவட்டத்து வாசகருக்குப் பண்ணவாடி நினைவுக்கு வராமல் இராது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவெய்தியபோது நீருக்குள் போன ஊர்களின் அடையாளமாக, கோடையில் நீர் தாழ்ந்ததும் முதலில் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும், பிறகு ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் மெல்ல வெளிப்படுகின்றன. பார்க்கப் போகிறவர்கள் பரிசலில் சென்று அந்த நந்திக்கு மாலை சாத்திவிட்டு வருகிறார்கள். பவானிசாகரில் டணாயக்கன் கோட்டைக்கும் இதே கதை. ஆந்திரத்தில் கிருஷ்ணை நதிமீது நாகார்ஜுனசாகர் அணையின் நீர் நிறைவதற்கு முன்னதாகவே, 1954 முதல் 1960 வரையில் ஆர். சுப்பிரமணியம் முதலிய தொல்லியல் அறிஞர் நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கு முழுவதையும் அகழ்ந்து ஆராய்ந்தனர். இக்ஷ்வாகு மன்னர் காலத்துப் பௌத்தக் கட்டிடங்கள் சிலவற்றைப் பெயர்த்து, இன்று தீவாகிவிட்ட குன்றின்மேல் அமைத்தனர். யுனெஸ்கோவின் விண்ணப்பம் வெளிவருமுன்பே நம் நாட்டவர் தாமாகத் தொடங்கிய காரியம் அது என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம்; நினைக்கும்போதே, காவிரியின் மடியில் நனைந்து நனைந்து உலரும் அந்த நந்தியின் முகத்தையும் ஒருமுறை அளந்து, வரைந்து, எழுதி வைக்க வேண்டும் என்ற ஆசையும் எழுகிறது. கல் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது.

பெர்லின் வாயிலின் யாத்திரை இன்னும் முடியவில்லை. அது வந்து சேர்ந்த காலத்தில், ஷார்லோட்டன்புர்க் அரண்மனைக்கு எதிரே உள்ள அந்த மாளிகை மேற்கு பெர்லினின் எகிப்திய அருங்காட்சியகமாயிருந்தது. நாடு ஒன்றுபட்ட பிறகு, நெஃபர்டிட்டி அரசியின் சிலை உள்ளிட்ட பொருள்கள் 2005-இல் ஷ்ப்ரே நதித் தீவிலுள்ள அருங்காட்சியகங்களுக்குப் புறப்பட்டுப் போயின. பளுவான வாயில் பின்தங்கியது. 2008 முதல் அந்த மாளிகை சர்ரியலிச ஓவியங்களின் இருப்பிடமாகிவிட, மண்டூலிஸ் தேவனின் வாசல் அவற்றுக்கு நடுவே நின்று கொண்டிருக்கிறது. தீவிலுள்ள பெர்காமன் அருங்காட்சியகத்துக்குப் புதிதாகக் கட்டப்படும் நான்காம் பகுதியில் அதை நிறுத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்த நாள் வரும்போது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமர்கள் ஒருமுறையும், 1960-களில் ஜெர்மானியர் ஒருமுறையும் பிரித்தெடுத்த அதே கற்களை மறுபடியும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் சரிபார்த்து, நகரத்தின் குறுக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஜன்னலுக்கு வெளியே மறுபடி ஓர் ஆறு ஓடும் இடத்துக்கு.